நாத்தனாரும் மகளும் பேசிக்கொள்வதில்லை: கருக்கலைப்பு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போகும் இடம் ஏதாவது உண்டா?

பாளை_மாடித்தோட்டம்
டிசம்பர் 9, 2023

வழக்கமாக நான் செடி, மண்புழு உரம் பகுதியில்தான் கிடப்பேன். இதைக் கேட்க வேறு இடம் தெரியவில்லை.

என் கணவரின் அக்கா தூத்துக்குடியில் இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை, கத்தோலிக்கர், காலைப் பூசைக்குத் தவறாமல் போகிறவர். நான் மைனி என்று கூப்பிடுவேன். என் மகள் சென்னையில் சட்டம் படிக்கிறாள், மூன்றாம் ஆண்டு. அத்தை என்றால் அவளுக்கு உயிர். வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

அக்டோபரில் 26 வாரக் கருவைக் கலைக்க அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஞாபகம் இருக்கும். 27 வயது, ஏற்கனவே இரண்டு பிள்ளைகள், கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் தீட்டு வராததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருந்துவிட்ட பெண். பிரசவத்துக்குப் பிறகான மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். முதலில் அனுமதி கொடுத்தார்கள். அப்புறம் இரண்டு பெண் நீதிபதிகளுக்குள்ளேயே கருத்து வேறுபட்டது. 16ஆம் தேதி மூன்று நீதிபதிகள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று ராத்திரி எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் மகள், "அவ உடம்பு, அவ முடிவு, இதுல கோர்ட்டுக்கு என்ன வேலை?" என்று போட்டாள். மைனி, "ஆறரை மாசம். பெத்துப் போட்டா கண்ணாடிப் பெட்டியில வச்சே பிழைக்கும். அது நெஞ்சை நிறுத்தச் சொல்லுதியா?" என்று கேட்டார். இவள், "நீங்க எடுத்து வளர்ப்பீங்களா?" என்றாள். மைனி குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை. கிறிஸ்துமஸுக்கு இருவரும் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள்.

யார் சொல்வது சரி என்று நான் கேட்கவில்லை. இருவரும் கால் வைத்து நிற்க ஓரடி இடமாவது இருக்கிறதா, அதுதான் கேள்வி.

எனக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே என் முகம் யாருக்கும் தெரியாது. 2004. மகளுக்கு எட்டு மாதம், பால் குடிக்கிறாள். கணவர் ஞானஸ்நானத்துக்கு லீவில் வந்துவிட்டு சவூதிக்குத் திரும்பியிருந்தார். சிசேரியன் புண்ணே சரியாக ஆறவில்லை, ரத்தமும் குறைவு. ஒன்பது வாரம் என்றார்கள். போனில் அவரிடம் கேட்டேன், "உன் இஷ்டம்" என்றார், கார்டில் காசு தீர்ந்துவிட்டது. ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். "வீட்டுக்காரர் கையெழுத்து வேணும், இல்லைன்னா அவர் வீட்டு ஆளுங்க யாராவது போடணும்" என்றார்கள். மைனி பஸ் ஏறி வந்தார். கையெழுத்துப் போட்டார். திரும்பும்போது ஆட்டோவை நிறுத்தி ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தார். அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, இந்தப் பத்தொன்பது வருஷத்திலும் பேசவில்லை. மகளுக்குத் தெரியாது.

வெட்டிவேர்
டிசம்பர் 9

பண்டிகை நாளில் இதெல்லாம் பேசுற விஷயமா? பேச்சை மாத்தி ஏதாவது சினிமா போட்டு விடுங்க.

குறுக்குவிசாரணை_மதுரை
டிசம்பர் 9

வெட்டிவேர், அவர்கள் பேச்சை மாற்றிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது.

அம்மா, நான் வக்கீல். உங்கள் வீட்டுச் சண்டையில் சட்டத்தைப் பற்றிச் சொன்னவரை இருவரிடமும் பிழை இருக்கிறது. அதிலிருந்து ஆரம்பிக்கலாம். கோபம் குறையாவிட்டாலும் இல்லாத சட்டத்துக்காகச் சண்டை போடுவது நிற்கும்.

மகள் இதை உரிமைச் சட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மூன்றாம் ஆண்டில் எல்லோரும் அப்படித்தான் நினைப்போம். நம் நாட்டுத் தண்டனைச் சட்டப்படி கருவைக் கலைப்பது இன்றும் குற்றம். தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தால் மட்டும் விலக்கு. அந்தப் பெண்ணே கலைத்துக்கொண்டாலும் சட்டம் அவரையும் பிடிக்கும். 1971இல் வந்த மருத்துவ முறை கருக்கலைப்புச் சட்டம் அந்தக் குற்றத்துக்குள் திறந்துவிட்ட ஒரு கதவு. நிபந்தனைக்குள் நின்று செய்த டாக்டர் குற்றவாளி ஆகமாட்டார் என்கிறது, அவ்வளவுதான். அதன் பின்கதையையும் நாத்தனாரிடம் சொல்லலாம். பெண்கள் நாட்டு வைத்தியத்தில் குச்சியும் வேரும் செருகிச் செத்துக்கொண்டிருந்த காலம். 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் குழு போட்டார்கள், 1966இல் அறிக்கை வந்தது, 1972 ஏப்ரல் 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

எப்போது வேண்டுமானாலும் கலைக்கச் சட்டம் விடுகிறது என்று நாத்தனார் நினைத்திருந்தால் அதுவும் தப்பு. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வரை இரண்டு டாக்டர்கள், அதுவும் குறிப்பிட்ட சிலருக்குத்தான்: பலாத்காரத்துக்கு ஆளானவர், பதினெட்டு நிரம்பாதவர், நடுவில் விதவையானவர், விவாகரத்தானவர் இப்படி. 24 தாண்டினால் கருவில் பெரிய குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொல்ல வேண்டும், அல்லது தாயின் உயிருக்கே உடனடி ஆபத்து வர வேண்டும். அக்டோபர் வழக்கு இந்த இரண்டிலுமே சேரவில்லை. கல்யாணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை உண்டு என்று 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கணவனே பலாத்காரம் செய்திருந்தாலும், இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை அது பலாத்காரம்தான் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பதினெட்டு வயது நிரம்பிய, மனநலம் பாதிக்கப்படாத பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்தைச் சட்டம் எங்கேயும் கேட்கவில்லை. 2004லும் கேட்கவில்லை. பின்னால் புருஷன் வந்து வழக்குப் போடுவான் என்ற பயத்தில் மருத்துவமனைகள் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் நாத்தனார் போட்ட கையெழுத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

சேலம்_சைக்கிள்
டிசம்பர் 10

தங்கச்சி, நான் சேலம் பக்கம் வில்லேஜ் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். என் ஊர்களில் நர்சம்மா என்றால் சைக்கிள் மணிச் சத்தம்தான்.

எனக்கு இந்த இரண்டு கட்சியும் பழக்கம், ஆனால் உங்கள் வாட்ஸப்பில் வந்த மாதிரி இல்லை. 1992இல் எங்கள் மாவட்டத்தில்தான் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்தது. பெண் குழந்தை வேண்டாம் என்றால் கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ, யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று ஜெயலலிதா அரசாங்கம் கொண்டுவந்தது. கள்ளிப்பாலைப் பேப்பரில் படித்தவர்கள் பேசுவதற்கும், நான்காம் நாள் வீட்டுக்குப் போனால் குழந்தை இல்லை, கேட்டால் "வலிப்பு வந்துருச்சு நர்சம்மா" என்று தரையைப் பார்த்துச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்த அம்மாவின் மார்பு ரவிக்கையை நனைத்துக்கொண்டிருக்கும். அவளைத் திட்ட வாய் வராது. திட்டாமலும் இருக்க முடியாது.

அப்புறம் ஸ்கேன் வந்தது. பிறந்த பிறகு செய்ததைப் பிறக்கும் முன்பே செய்ய ஆரம்பித்தார்கள். பெண் என்று தெரிய நான்காம் மாதம், ஐந்தாம் மாதம் ஆகும், அதனால் கலைப்பதும் அப்போதுதான். 1994இல் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. ஸ்கேன் சென்டர் வாசலில் இப்போது நீங்கள் பார்க்கும் போர்டு அதனால்தான். சட்டம் வந்தும் 2001 கணக்கெடுப்பில் எங்கள் சேலத்தில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைக்குப் பெண் குழந்தை 851தான் இருந்தது. இந்த எண்ணை உங்கள் மகளிடம் கேளுங்கள். அவ உடம்பு, அவ முடிவு என்கிறாளே, ஐந்தாம் மாதம் கலைக்க வந்தவள் எடுத்த முடிவு யாருடையது? மாமியார் ஆட்டோவில் உட்கார்ந்திருப்பாள்.

உங்கள் நாத்தனாரிடமும் ஒன்று கேட்கலாம். தொட்டிலில் விட்ட குழந்தையைப் பார்க்க நாலைந்து மாதம் கழித்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற தாய்களை நான் பார்த்திருக்கிறேன். பெற்றுக்கொடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது பெரிய வார்த்தை. அதைச் சொல்லுகிற வாய் மூன்றாம் பெண்ணைப் பெற்றவளுக்குப் பால் பவுடர் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் கிடைக்கிறது, நல்ல திட்டம், ஆனால் முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான்.

எங்கள் பக்கம் அனாதை இல்லம் நடத்திய ஒரு கன்னியாஸ்திரி இருந்தார். மாதர் சங்கத்து அக்கா ஒருவரும் இருந்தார். சாமி விஷயத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். ஆனால் கருத்தடைக்கான காப்பர்டி முகாமுக்கு இரண்டு பேரும் என்னிடம் ஆள் அனுப்புவார்கள், சிஸ்டர் மட்டும் "நான் அனுப்பினேன்னு சொல்லாதே" என்பார். நாள் தள்ளிப்போன பெண் முதலில் யாரிடம் வாய் திறக்கிறாள், அவளுக்கு அங்கே என்ன முகம் கிடைக்கிறது, இதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்துதான். முகம் நன்றாக இருந்தால் ஆறாம் வாரம் வருவாள். சரியில்லாவிட்டால் மருந்துக்கடைக்காரன் சீட்டு கேட்காமல் கொடுக்கிற பெட்டியை வாங்கிக்கொள்வாள், ஒரு மாத்திரையும் நாலு மாத்திரையும் இருக்குமே, அது. டாக்டர் சொல்லி எடுத்தால் நல்ல மருந்துதான். எத்தனை வாரம், கரு கர்ப்பப்பையில்தான் இருக்கிறதா, எதுவும் பார்க்காமல் எடுத்துவிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்தத்தோடு வந்தவர்களை நான் ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறேன். இல்லாவிட்டால் ஐந்தாம் மாதம் வருவாள். இருபத்தாறாம் வாரம் கோர்ட்டுக்குப் போகிறவளும் இந்தக் கூட்டத்தில் வந்தவள்தான். பால் கொடுக்கும்போது கரு நிற்காது என்ற பேச்சு எத்தனை வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் விஷயத்தில் அந்த ஆரஞ்சை நான் கவனித்தேன்.

ஈரக்காற்று_கார்க்
டிசம்பர் 10

அயர்லாந்திலிருந்து எழுதுகிறேன், நானும் நர்ஸ், நானும் கத்தோலிக்கர். இந்த ஒத்துப்போகும் இடம் என்ற பேச்சில் எனக்கு ஒரு தயக்கம். தேடுகிற நேரத்துக்கு யாரோ விலை கொடுக்கிறார்கள்.

சவிதா ஹலப்பனவர், பெலகாவிக்காரப் பெண், பல் மருத்துவர், 31 வயது. 2012 அக்டோபரில் 17 வாரத்தில் கரு கலைய ஆரம்பித்தது, எப்படியும் தங்காது என்று தெரிந்தது. கலைத்துவிடச் சொல்லிக் கேட்டார். இதயத்துடிப்பு இருக்கிறது, முடியாது என்றார்கள். 28ஆம் தேதி கிருமித் தொற்றில் இறந்துபோனார். தாய் உயிரும் கரு உயிரும் சமம் என்று 1983இல் வாக்கெடுப்பு நடத்தி அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்த நாடு இது.

அப்புறம் இங்கே செய்த ஒன்று உங்களுக்குப் பயன்படலாம். 2016இல் சாதாரண ஜனங்கள் 99 பேரைப் பொறுக்கியெடுத்து, ஒரு நீதிபதியைத் தலைவராகப் போட்டு, சனி ஞாயிறுகளில் உட்கார வைத்தார்கள். டாக்டர், வக்கீல், கலைத்துக்கொண்டவர்கள், கலைக்காமல் பெற்றவர்கள் எல்லோரையும் கேட்டார்கள். 2018 மே 25 வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் அந்தப் பழைய திருத்தத்தை எடுக்கச் சொன்னார்கள். இப்போது 12 வாரம் வரை காரணம் கேட்பதில்லை, மூன்று நாள் காத்திருக்க வேண்டும். மனசாட்சி இடம் தராத டாக்டர் செய்யவேண்டியதில்லை, ஆனால் வேறு டாக்டரிடம் அனுப்பியாக வேண்டும். என் வார்டில், திருத்தத்தை எடுக்க வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட சீனியர் சிஸ்டர் ஒருவர் இருக்கிறார். அந்த வேலைக்கு வரமாட்டார். அந்த நோயாளிக்கு டீ போட்டு எடுத்துக்கொண்டு வருவார்.

அலமாரிப்_பூச்சி
டிசம்பர் 11

அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் ப்ரூக்ளைன் என்ற ஊரில் 1994 டிசம்பர் 30 அன்று ஒருவன் இரண்டு கருக்கலைப்பு மையங்களில் புகுந்து சுட்டான். இரண்டு பெண் ஊழியர்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு இந்தக் கட்சியில் மூன்று, அந்தக் கட்சியில் மூன்று என்று ஆறு பெண் தலைவர்கள் 1995 செப்டம்பரில் ரகசியமாகச் சந்திக்க ஆரம்பித்தார்கள். நாலு தடவை என்று பேச்சு, ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடியது. 2001 ஜனவரியில் பாஸ்டன் குளோப் பத்திரிகையில் ஆறு பேரும் சேர்ந்து எழுதினார்கள். ஒருவர்கூட மாறவில்லை. இன்னும் உறுதியானார்களாம். ஆனால் வன்முறையை நியாயப்படுத்தும் வெளியூர்க்காரன் ஒருவன் பாஸ்டனுக்கு வரப்போகிறான் என்றபோது, கலைப்பை எதிர்க்கும் கட்சிக்காரர்களே நீ வராதே என்று அவனுக்குக் கடிதம் போட்டார்கள்.

எனக்குப் பிடித்தது அவர்கள் முதலில் மாட்டிக்கொண்ட இடம். வயிற்றில் இருப்பதை என்ன சொல்லிக் கூப்பிடுவது? பிறக்காத குழந்தை என்றால் ஒரு கட்சி ஒப்பவில்லை. வெறும் கரு என்றால் மற்ற கட்சி ஒப்பவில்லை. கடைசியில் மனிதக் கரு என்று அரைமனதாக ஒத்துக்கொண்டுதான் மேலே பேசினார்கள். இன்னொரு விதி, உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எதிராளியை மாற்றப் பார்க்கக் கூடாது.

நம் பாஷையில் இது இன்னும் விசித்திரம். தானாகக் கலைந்தாலும் அபார்ஷன்தான், கலைத்தாலும் அபார்ஷன்தான். "ஆயிடுச்சு" என்றால் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். "பண்ணிக்கிட்டா" என்றால் வரமாட்டார்கள்.

பாளை_மாடித்தோட்டம்
டிசம்பர் 11

கடைசிப் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அன்றைக்கு அக்கம்பக்கத்தில் "ஆயிடுச்சு" என்றுதான் மைனி சொன்னார். ஆரஞ்சு வாங்கியது அதற்காகவாக இருக்கலாம், எனக்கு இதுவரை தோன்றவில்லை. எல்லோருக்கும் நன்றி. பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

பாளை_மாடித்தோட்டம்
ஜனவரி 3, 2024

சொன்னபடி வந்திருக்கிறேன்.

24ஆம் தேதி சாயங்காலம் முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருந்தோம். மைனி பயறு மாவை உருட்ட, மகள் மாவில் முக்கிக் கொடுக்க, நான் எண்ணெய்ச் சட்டி முன்னால். கை வேலையாக இருந்தால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அதனால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு வார்த்தை மட்டும் யாரும் சொல்லக்கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்: கொலை, உரிமை. மகள் சிரித்துவிட்டாள். "அப்ப என்னத்தப் பேச?" என்றார் மைனி. அதுவே இரண்டு மாதத்துக்குப் பிறகு அவளைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை.

சேலத்து அக்காவின் 851ஐ எடுத்துப் போட்டேன். மகளுக்கு அந்த எண் தெரிந்திருக்கவில்லை, உருட்டு அவள் கையிலேயே நின்றுவிட்டது. பெண் என்பதற்காகக் கலைப்பது வேறு என்று ஆரம்பித்தாள், ஏன் வேறு என்று சொல்ல அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. மைனி அதைப் பிடித்துக்கொண்டு விளாசுவார் என்று பயந்தேன். அவர், "எங்க பள்ளிக்கூடத்துலயே அஞ்சாம் வகுப்பு பிள்ளைக்கு இடுப்புல எண்ணெய் தடவி விட ஆளில்லாம வரும். நாம பேசுதோம்" என்று மட்டும் சொன்னார். அது எனக்குச் சரியாகப் புரியவில்லை, ஆனால் அவர் குரல் இறங்கியிருந்தது.

26 வாரத்தில் ஒத்துப்போகவில்லை. அதை எழுதியே ஆக வேண்டும். பிழைக்கக்கூடிய பிள்ளை என்பதிலிருந்து மைனி அசையவில்லை. வேண்டாம் என்கிறவளை இன்னும் மூன்று மாதம் சுமக்க வைப்பதற்கு யாருக்கும் அதிகாரம் இல்லை என்பதிலிருந்து இவளும் அசையவில்லை. இவள் கரு என்பாள், அவர் பிள்ளை என்பார், கடைசியில் பாஸ்டன்காரர்கள் மாதிரிதான், "வயித்துல இருந்தது" என்று இரண்டு பேரும் வந்து நின்றார்கள்.

ஒத்துப்போன இடம் நான் நினைக்காத இடம். மகள் பேச்சுவாக்கில், "இன்னிக்கும் ஆஸ்பத்திரியில புருஷன் கையெழுத்து கேக்கறாங்க அத்தை. சட்டத்துல அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. பொம்பளை ஒருத்தி போட்டா போதும்" என்றாள். இங்கே வக்கீல் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருக்கிறது.

மைனி கையைத் துடைத்தார். "எப்பலருந்து?"

"எழுபத்தொண்ணுலருந்தே."

மைனி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "வேண்டாத கையெழுத்தா வாங்கினானுவ?" என்றார். மகள் தன் கட்சிக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில், "பாத்தீங்களா, அநியாயம்ல?" என்றாள். "அநியாயம்தான்" என்றார் மைனி. மறுபடியும், "பெரிய அநியாயம்" என்றார். எண்ணெய் புகைய ஆரம்பித்துவிட்டது, ஒரு ஈடு கருகிப்போனது.

27ஆம் தேதி பஸ் ஏற்றிவிடப் போனேன். பத்தொன்பது வருஷம் பாவசங்கீர்த்தனத்தில் அந்தக் கையெழுத்தைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். சாமியார் மன்னிப்புக் கொடுத்த பிறகும் அடுத்த தவக்காலத்தில் மறுபடி சொல்வாராம். "நான் போடலைன்னாலும் நடந்திருக்கணும்லா, அப்ப நான் எதுக்குப் போட்டேன்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. நான் செய்தது தப்பு என்று இன்னும் நினைக்கிறீர்களா என்று கேட்டேன். "ஆமா" என்றார் உடனே. "நீ சாவக் கிடந்த, அதும் எனக்குத் தெரியும்" என்றும் சொன்னார். தூத்துக்குடி பஸ் வந்துவிட்டது. சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார்.

குடும்பக் குழுவில் மறுபடி சேர்ந்துவிட்டார். மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. அவளுக்குச் செமஸ்டர் நடக்கிறது.